கடுகுப் பை தைக்கச் சொல்லித் தந்தவர்களுக்கு

ஆரணி அக்காவுக்கும், கண்டக்டர் அண்ணனுக்கும், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் எங்களோடு காத்திருந்த எல்லோருக்கும் வணக்கம்.

புதுக்கோட்டையிலிருந்து தையல்காரி எழுதுகிறேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ராத்திரி ரயிலில் வந்து வந்து போனேனே, அந்தப் பொண்ணு. உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு என் பெயர் தெரியாது. எனக்கும் உங்கள் பெயர்கள் தெரியாது. ஆரணி, செய்யாறு, தேனி என்று ஊரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டோம். டாக்டர்களுக்கும் நர்ஸம்மாக்களுக்கும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் ஊருக்கு வந்தேன். உங்களுக்குச் சொல்லாமலே வந்துவிட்டேன். அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அம்மா மார்பில் இருந்த கட்டியைப் பத்து மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு ஜாக்கெட் தைப்பவள் நான். அளவு எடுக்கும்போதுகூட எனக்குத் தெரியவில்லை. விஷயம் வெளியே வந்ததும் சொந்தத்தில் ஒரு வீட்டில் அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்தார்கள். இது தொற்று நோய் இல்லை என்று எடுத்துச் சொல்லும் தெம்புகூட அன்றைக்கு எனக்கு இல்லை. அடையாறுக்கு வந்து இறங்கியபோது, அம்மா பக்கத்தில் இருக்கும்போதே மனதுக்குள் அவளை இழந்துவிட்டிருந்தேன்.

முதல் நாளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் கண்டக்டர் அண்ணன். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் இருந்த துளையை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார். இருமல் வந்தால் எல்லோரும் வாயைப் பொத்துவோம், அவர் கழுத்தைப் பொத்திக்கொள்வார். கையில் எப்போதும் ஒரு சிலேட்டு. எந்த ஊர் என்று எழுதிக் கேட்டார். சொன்னதும் முகம் மலர்ந்து, “இது உங்க ஊர் அம்மா கட்டுன ஆஸ்பத்திரி” என்று எழுதினார்.

அந்த அம்மா டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். 1886-இல் எங்கள் ஊரில் பிறந்தவர், ஆண்பிள்ளைகள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண். அதற்குமேல் எனக்குத் தெரியாது. அண்ணன் எழுதித் துடைத்து, எழுதித் துடைத்து மீதியைச் சொன்னார். 1923-இல் அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். அந்த வேதனையைப் பல வருடம் மனதில் சுமந்து, 1954-இல் 12 படுக்கையோடு இந்த மருத்துவமனையைத் திறந்தார். அடுத்த வருடம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் கண் மூடும்வரை இதை விட்டுப் போகவில்லை. இதையெல்லாம் எழுதி முடிப்பதற்குள் அண்ணன் சட்டையெல்லாம் சாக்பீஸ் தூள். கூடப் பிறந்தவளைப் பறிகொடுத்த ஒருத்தி கட்டிய இடம் என்று தெரிந்த பிறகு அந்தச் சுவர்களைப் பார்த்து எனக்கு இருந்த பயம் குறைந்தது. அம்மாவும் “நம்ம ஊரு மனுசி” என்று சொல்லிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அண்ணனுடைய சட்டைப் பையில் பழைய விசில் ஒன்று இருக்கும். மூச்சு கழுத்து வழியாகப் போவதால் அவரால் அதை ஊத முடியாது. கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, வரும் சின்னப் பையன்களிடம் கொடுத்து, எட்டத் தள்ளி நின்று ஊதச் சொல்வார். சத்தம் சரியாக வந்தால் கையை உயர்த்தி ‘போலாம் ரைட்’ காட்டுவார். அவர் அதற்காக வருத்தப்பட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஆரணி அக்கா, உங்களைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது.

ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நாலு பேர் இருக்கும் இடத்துக்கே வரமாட்டாள். இரண்டாவது கீமோவுக்கு வந்த அன்று நீங்கள்தான் எங்களைத் தூண் மறைவுக்குக் கூட்டிப்போய், உங்கள் ஜாக்கெட்டின் உள்பக்கத்தைக் காட்டினீர்கள். மெத்தென்ற துணியில் ஒரு பை, அதற்குள் பஞ்சு, பஞ்சுக்கு நடுவில் கடுகு. “வெறும் பஞ்சு வச்சா கனமே இருக்காது தங்கச்சி. ஜாக்கெட் மேல மேல ஏறும், தோளும் ஒரு பக்கமா சாஞ்சிடும். கடுகு போட்டா ரெண்டு பக்கமும் சமமா நிக்கும். துவைக்கிறப்ப மறக்காம எடுத்துடு, இல்லேன்னா முளைச்சிடும்!” என்றீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பதினாறு வருடமாகத் தைக்கிறேன் அக்கா. என் தொழிலால் அம்மாவுக்கு ஆகக்கூடியது இருக்கிறது என்பதே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. காயம் நன்றாக ஆறி, டாக்டரும் சரி என்று சொன்ன பிறகு அம்மாவுக்கு இரண்டு தைத்தேன். முதல் பையில் கடுகு அதிகம், இரண்டாவதுதான் சரியாக அமைந்தது. அதைப் போட்டுக்கொண்டு அம்மா தானாகவே கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை தூக்கும் பயிற்சியும் உங்களிடம் கற்றதுதான். சுவரில் விரலால் நண்டு மாதிரி ஏறி, எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. எங்கள் அடுப்படிச் சுவரில் அந்தக் கோடுகள் இடுப்பு உயரத்தில் தொடங்கி, உப்பு ஜாடி இருக்கும் பலகை வரைக்கும் போயிருக்கின்றன.

உங்களுக்கு நோய் திரும்பி எலும்புக்குப் போய்விட்டது என்பதை நீங்கள் சொல்லவே இல்லை. கடைசியாகப் பார்த்தபோது மகள் வளைகாப்புக்கு மாம்பழ நிறத்தில் ஜாக்கெட் வேண்டும் என்று அளவு கொடுத்தீர்கள். அனுப்பினேன். அதைப் போட்டுக்கொண்டு, மகளுக்கு வளையல் அடுக்கும் போட்டோவை அனுப்பினீர்கள். அந்த ஆடியில் உங்கள் மகளிடமிருந்து போன் வந்தது. அன்றைக்கு மெஷினில் உட்காரவே முடியவில்லை. அளவு குறித்த துண்டுச் சீட்டு டிராயரில்தான் இருக்கிறது, அதை எடுக்க மனம் வரவில்லை. உங்களுக்குச் சேராது என்று தெரிந்தும், இந்த நன்றியை உங்கள் பெயரை முதலில் போட்டுத்தான் எழுத முடிந்தது.

செய்யாறு அக்காவுக்கும் நன்றி, அம்மாவுக்கு ரத்த அணுக்களின் கவுண்ட் இறங்கியபோது பயப்படாதே என்று சொல்லி ராத்திரியெல்லாம் கூட இருந்ததற்கு. தேனித் தம்பி, அம்மாவுக்கு முடி கொட்டியபோது உன் மொட்டைத் தலையைத் தடவிப் பார்க்கச் சொன்னாயே, அதை அவள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தை மாதம் செக்கப்புக்கு வருகிறோம். ஆறு ஜாக்கெட் தைத்து எடுத்து வருகிறேன், காசு வேண்டாம். வேறு யாருக்காவது தேவைப்பட்டால், அளவுக்குப் பழைய ஜாக்கெட் ஒன்று கொண்டு வாருங்கள், போதும். கண்டக்டர் அண்ணன் உட்காரும் அதே பெஞ்சில் இருப்போம்.

இப்படிக்கு,
புதுக்கோட்டைப் பொண்ணு