கருவை மரமும் உன் வகுப்பும்

அம்மாடி கயல்,

சீமைக்கருவேலத்தை, அதாவது நம் ஊர்க் கருவையை, வெட்ட வேண்டுமா என்று வகுப்பில் நடந்த பேச்சில் கமுதிப் பக்கத்துப் பையன் ஒருவன் கண்கலங்கி உட்கார்ந்துவிட்டான் என்று போனில் சொன்னாய். அவன் வீட்டில் கருவை விறகை எரித்துக் கரியாக்கும் கரிமூட்டம் போடுகிறார்கள் அல்லவா? "மண்ணைக் கெடுக்கிற மரத்தை வைத்துப் பிழைக்கிறீங்களா" என்று கேட்டால், பேச்சு மரத்தை விட்டு அவன் அப்பாவிடம் போய்விடுகிறது.

பட்டிமன்றம் போல அணி பிரிக்காதே. அங்கே கைதட்டல் வாங்கியவன் ஜெயித்துவிடுவான். இந்த விஷயத்தில் நீதிமன்றத்துக்கே ஒரு தீர்ப்பில் முடியவில்லை. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கருவையை அகற்றச் சொன்னது. அதே ஆண்டில் உயர் நீதிமன்றமே இடைக்காலத் தடையும் போட்டது. பதினான்கு வயதுப் பிள்ளைகள் முக்கால் மணி நேரத்தில் முடிக்க வேண்டுமா?

பழைய தர்க்க நூல்களில் பிறர் கொள்கையை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் மறுப்புக்கு வருவார்கள். அதையே செய்யச் சொல். வெட்ட வேண்டும் என்கிற பிள்ளை முதலில் மூட்டக்காரர் பக்கத்தைப் பேசட்டும்: விறகுக்காக அரசாங்கமே விதை தூவிய மரம் இது, மழை பொய்த்த வருஷங்களில் இந்தக் கரிதான் கஞ்சி ஊற்றியது என்று. "ஆமா, இதைத்தான் சொன்னேன்" என்று அந்தப் பையன் ஒப்புக்கொண்ட பிறகு மறுக்கலாம். அவனும் எதிர்ப்பக்கத்தைச் சொல்ல வேண்டும்: கண்மாய்க்குள் காடாக மண்டுவது, நாட்டு மரங்களை வளரவிடாதது, ஆடுமாடு காயைத் தின்று விதையைப் பரப்புவது, வெட்டினாலும் தூரிலிருந்து துளிர்ப்பது. இதெல்லாம் அவனுக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும்.

மரியாதை என்பதற்காக எதையும் விட்டுவிடாதே. "காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் வந்ததை ஒருவன் சொன்னால், யார் அளந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்று கேள். அது சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயம். மரத்தை அகற்றினால் மூட்டக்காரர் எதை வைத்துப் பிழைப்பார், அந்த நஷ்டத்தை யார் ஏற்பது என்பது வேறு வகைக் கேள்வி. அதற்கு எந்த ஆய்வுக்கூடமும் பதில் தராது. இரண்டையும் போட்டுக் குழப்புவதில்தான் பாதிச் சண்டை வருகிறது. பெரியவர்கள் நாங்களும் டீக்கடையில் அதைத்தானே செய்கிறோம்.

அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, விறகை அடுக்கி மண் பூசி மூட்டம் போடுவதை வகுப்பில் விளக்க விருப்பமா என்று கேட்டுப் பார். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே.

அம்மா கருவாடு அனுப்பியிருக்கிறாள், பார்சல் வந்ததும் சொல்.

அப்பா,
முதுகுளத்தூர்