பல்லுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பிளேடைக் கெடுத்துக் கொடுத்தது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், ரம்ப பிளேடு சாணைப் பிரிவு

பொருள்: 10 அங்குல, 60 பல் கார்பைடு பிளேடுக்குச் செய்த தவறான சாணை, கட்டணத்தைத் திருப்பித் தரவும் பிளேடைச் சரிசெய்து தரவும் கோருதல்.

ஐயா,

சென்ற மாதம் என் மேசை ரம்பத்தின் (டேபிள் சா) பிளேடுகள் இரண்டை உங்களிடம் சாணைக்குக் கொடுத்தேன். ஒன்று குறுக்கு அறுப்புக்கான 60 பல் பிளேடு. மற்றது நீளவாக்கில் அறுக்கும் 24 பல் பிளேடு. 60 பல் பிளேடு மட்டும் திரும்பி வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பிரித்ததும் விரலால் தடவிப் பார்த்தேன், கூராகத்தான் இருந்தது. மெஷினில் மாட்டி பிளைவுட்டை அறுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. வெட்டின் ஒரு பக்கம் சுத்தமாக வந்தது. மறுபக்கம் மேல்தோல் பிய்ந்து, சிலும்பு சிலும்பாக எழும்பி நின்றது. கடின மரத்தில் பிளேடு ஒரு பக்கமாக இழுத்தது, அறுபட்ட முகம் கருகியது. முன்பெல்லாம் இரண்டு விரலால் தள்ளினாலே நகரும் பலகையை இப்போது உடம்பைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கிறது. சுழலும் பிளேடுக்கு முன்னால் அப்படித் தள்ளுவது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தொலைபேசியில் கேட்டதற்கு, "மரம் ஈரமாக இருக்கும், இல்லாவிட்டால் பலகையை நேராக நகர்த்த உதவும் வழிகாட்டிச் சட்டம் (ஃபென்ஸ்) கோணியிருக்கும்" என்று உங்கள் ஊழியர் சொன்னார். அதையும் சோதித்துவிட்டேன். அதே மெஷின், அதே ஃபென்ஸ், அதே பலகை. வேறொரு பிளேடை மாட்டி அறுத்தேன். வெட்டு கண்ணாடிபோல வந்தது.

பிறகு உங்கள் பிளேடை மறுபடி மாட்டி, பலகையைத் துண்டாக்காமல் ஆழம் குறைவாக ஒரு காடி (நீளப் பள்ளம்) மட்டும் போட்டேன். இந்த பிளேடின் பற்கள் ஒன்று இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமுமாக மாறி மாறிச் சாய்ந்தவை. அதனால் காடியின் அடியில் இரு ஓரங்களிலும் ஒரே ஆழத்தில் மெல்லிய கோடு விழ வேண்டும். வலது ஓரத்தில் ஆழமான கோடு விழுந்தது. இடது ஓரத்தில் பேருக்கு ஒரு கீறல். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, நுண்ணிய உயர வித்தியாசத்தைக் காட்டும் டயல் கேஜை வைத்து பிளேடைக் கையால் சுற்றிப் பார்த்தேன். இடப்பக்கப் பற்கள் வலப்பக்கப் பற்களைவிட ஏறத்தாழ 0.3 மி.மீ. தாழ்ந்திருக்கின்றன. 60 பல்லுக்கும் பணம் வாங்கியிருக்கிறீர்கள். அறுக்கும் பாரமோ பெரும்பாலும் 30 பல் மேல் விழுகிறது.

லென்ஸில் பார்த்தபோது மனம் இன்னும் நொந்தது. பற்களின் தோளில் பழுப்பு நிறப் பிசின் அப்படியே ஒட்டியிருக்கிறது. சாணைக்கு முன் பிளேடைக் கழுவுவது இந்தத் தொழிலின் முதல் வேலை. பிசின் மேல் பிளேடை உட்கார வைத்தால் கோணம் எப்படிச் சரியாக வரும்? பல்லின் முகத்தில் சொரசொரப்பான கோடுகள் தெரிகின்றன. நைசான டைமண்ட் வீலில் பிடித்திருந்தால் அந்த முகம் பளபளவென்று இருந்திருக்கும். ஒரு டிப்பின், அதாவது பல்லின் நுனியில் ஒட்டியிருக்கும் கார்பைடு துண்டின், மூலை உடைந்திருக்கிறது, கொடுக்கும்போது அது முழுசாக இருந்தது. அதற்குப் பக்கத்துப் பல்லின் பின்புறம் தகடு நீலம் பாய்ந்திருக்கிறது. அந்த அளவுக்குச் சூடேறியிருந்தால் டிப்பைப் பிடித்திருக்கும் வெள்ளிப் பற்றவைப்பை எப்படி நம்புவது? நிமிடத்துக்கு 4,000 சுற்றில் 10 அங்குல பிளேடின் விளிம்பு நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதிலிருந்து ஒரு டிப் கழன்றால் அது தெறிக்கும் திசையில் நிற்பது நான்தான்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. கொடுக்கும் முன் வெர்னியரில் அளந்தபோது டிப்பின் தடிமன் 2.6 மி.மீ. இருந்தது. இப்போது 2 மி.மீ. சாதாரண மழுங்கலுக்கு 0.1 மி.மீ. அளவில் எடுத்தாலே போதும். இன்னும் நாலைந்து சாணைக்குத் தாங்க வேண்டிய கார்பைடை ஒரே தடவையில் தேய்த்துத் தள்ளிவிட்டீர்கள். தடித்த டிப் உள்ள நல்ல பிளேடை அதிக விலை கொடுத்து வாங்குவதே பல முறை சாணை பிடித்து ஓட்டலாம் என்ற கணக்கில்தான். மலிவு பிளேடை வாங்கி, மழுங்கியதும் வீசிவிடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். என்னைப் போன்ற சிறு பட்டறைக்காரனுக்கு நியாயமான விலையில் நல்ல சாணை கிடைப்பது பெரிய விஷயம். உங்கள் கட்டணம் குறைவு என்பதற்காக மட்டும் நான் வரவில்லை. பல்லின் முகம், மேல் இரண்டையும் பிடித்துத் தருவோம் என்று சொன்னீர்கள், அதை நம்பித்தான் கொடுத்தேன்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். இந்த பிளேடுக்கு வாங்கிய கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தாருங்கள். உடைந்த டிப்புக்கும் நீலம் பாய்ந்த இடத்தில் உள்ள டிப்புக்கும் பதிலாகப் புதியவற்றைப் பற்றவைத்து, எல்லாப் பற்களின் உயரத்தையும் டயல் கேஜில் சரிபார்த்து, அந்த அளவை எழுதிக் கொடுங்கள். சூட்டில் தகடு நெளிந்து, சரிசெய்ய முடியாத நிலை என்றால் மறைக்காமல் சொல்லி, அதே தரத்தில் வேறு பிளேடு தாருங்கள். காடி போட்ட பலகையையும், லென்ஸ் வழியாக எடுத்த படங்களையும் வைத்திருக்கிறேன். கேட்டால் கொண்டுவந்து காட்டுகிறேன். 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் முறையிடுவேன்.

24 பல் பிளேடு இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. அதில் கை வைக்க வேண்டாம். மழுங்கியபடியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
தச்சுப் பட்டறை உரிமையாளர்