படத்தை முதலில் படிக்கும் வேலை

பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் இளைய மகளுக்குச் சிறுவர் நூல்கள் வெளியிடும் பதிப்பகம் ஒன்றில், சித்திரக்கதைப் பிரிவின் உதவி ஆசிரியராக வேலை கிடைத்திருப்பதை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். இங்கே அனைவரும் நலம். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதால் இங்கேயும் மாலையில் காற்று குளிர்ச்சியாக வீசுகிறது. "கதை எழுத ஒருவர், படம் வரைய ஒருவர் இருக்கும்போது, நடுவில் இவளுக்கு என்ன வேலை?" என்று கேட்டிருந்தாய். நானும் இப்போது அப்படியொரு வேலையில்தான் மூழ்கியிருக்கிறேன். வ.உ.சி.யின் வாழ்க்கையைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 32 பக்கச் சித்திரக்கதையாகக் கொண்டுவரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அதை வைத்தே உனக்குப் பதில் எழுதுகிறேன்.

ஆசிரியர் என்றதும் சந்திப்பிழை திருத்துபவர், வாசகர் கடிதத்துக்குப் பதில் எழுதுபவர் என்ற எண்ணமே நம்மில் பலருக்கு வருகிறது. அந்த வேலைகளும் உண்டு. ஆனால் சித்திரக்கதையில் ஆசிரியருடைய முதல் வேலை படத்தைப் படிப்பதுதான். படம் சொல்லிவிட்டதை எழுத்து மறுபடியும் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. படத்தால் சொல்ல முடியாததை எழுத்து விட்டுவிடவும் கூடாது. இந்த இரண்டையும் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு படக் கட்டத்திலும் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். கதாசிரியருக்கு அவருடைய வாக்கியம் முக்கியம், ஓவியருக்கு அவருடைய கோடு முக்கியம். இரண்டும் சேர்ந்து ஒரு பத்து வயதுப் பிள்ளையின் கண்ணில் எப்படி விழும் என்று பார்ப்பதையே தன் வேலையாகக் கொண்டவர் ஆசிரியர் ஒருவர்தான்.

கோயம்புத்தூர்ச் சிறையில் வ.உ.சி. செக்கிழுத்த காட்சிக்குக் கதாசிரியர், "கொளுத்தும் வெயிலில், மாட்டுக்குப் பதிலாக, அந்த மாமனிதர் செக்கிழுத்தார், அவர் உடல் தளர்ந்தது" என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஓவியர் தந்த படத்தில் வெயிலும் இருந்தது, செக்கும் இருந்தது, குனிந்த முதுகும் இருந்தது. நான் அந்த வாக்கியம் முழுவதையும் எடுத்துவிட்டேன். கதாசிரியர் மனம் வருந்தினார். மறுநாள் அவரை அழைத்து இரண்டு நகல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது, எழுத்து இல்லாத பக்கத்தில்தான் தன் கண் நின்றது என்று அவரே சொன்னார். அதற்கு மாறாக, 1908ஆம் ஆண்டில் வ.உ.சி.க்கு விதிக்கப்பட்ட தண்டனை இரண்டு ஆயுள் தண்டனைகள், அதாவது 40 ஆண்டுகள் என்பதை எந்தப் படத்தாலும் காட்ட முடியாது. அங்கே நீதிபதியின் வாயில் சொற்கள் இருந்தே ஆக வேண்டும்.

வேலையின் எந்த நிலையில் திருத்துவது என்று அறிவதும் இந்த வேலையில் பாதி. கதைக்குறிப்பு, பக்க அமைப்பின் கிறுக்கல், பென்சில் படம், மைக்கோடு, வண்ணம், எழுத்துப் பதித்தல் என்று ஒரு பக்கம் பல கைகளைக் கடந்து வருகிறது. கிறுக்கலாக இருக்கும்போது ஒரு கட்டத்தை நீக்கச் சொன்னால் ஓவியருக்குச் சில நிமிட வேலை. மையிட்டு வண்ணமும் பூசிய பிறகு சொன்னால் அவருடைய சில நாள் உழைப்பு வீணாகும். ஜப்பானில் ஆசிரியர்கள் இந்தக் கிறுக்கல் நிலையிலேயே ஓவியருடன் உட்கார்ந்து வாதாடுவார்கள். அமெரிக்காவில் 1960களில் மார்வெல் நிறுவனத்தின் ஸ்டான் லீ கதைச்சுருக்கத்தை மட்டும் ஓவியரிடம் தந்து, படங்கள் வரைந்து வந்த பிறகு அவற்றைப் பார்த்து உரையாடல் எழுதும் முறையைக் கையாண்டார். எல்லாக் கதைக்கும் அந்த முறை பொருந்தாது என்றாலும், படம் முன்னால் வந்தால் எழுத்து தானாக அடக்கம் கற்றுக்கொள்கிறது என்பதை அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது, விவரங்களைச் சரிபார்ப்பது. இதில் உன் மகள் கண்டிப்பாக இருக்க வேண்டும். 1843ஆம் ஆண்டிலிருந்து தாமிரபரணியின் மேல் நிற்கும் சுலோசன முதலியார் பாலம் எங்கள் கதையில் ஒரு கட்டத்தில் வருகிறது. ஓவியர் இன்றைய புகைப்படத்தைப் பார்த்து மின்கம்பங்களோடு வரைந்துவிட்டார். சுதேசிக் கப்பல் கம்பெனி வாங்கிய 'காலியா' கப்பலைப் புகைபோக்கி இல்லாத வெறும் பாய்மரக் கப்பலாகத் தீட்டியிருந்தார். அது நீராவிக் கப்பல், கதையின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஒரு கட்டத்தில் தலைப்பாகையோடு இருப்பவர் காரணமின்றி அடுத்த கட்டத்தில் தலைப்பாகை இல்லாமல் நிற்பதையும் பார்த்துப் பிடிக்க வேண்டும். எழுத்தில் வரும் தவறான ஆண்டைப் பிள்ளைகள் மறந்துவிடலாம். தவறாக வரைந்த கப்பல் அவர்கள் மனத்தில் ஆயுள் முழுவதும் மிதக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது பக்கம் திருப்பும் இடத்தை முடிவுசெய்வது. 1908 மார்ச் 13 அன்று, வ.உ.சி.யைக் கைதுசெய்த செய்தி கேட்டுத் திருநெல்வேலி கொதித்து எழுந்ததையும், துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்ததையும் நீ அறிவாய். அதே மனிதர் 1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தபோது வரவேற்கக் கூட்டம் இல்லை. சிறைவாசலின் அந்த வெறுமை முதல் அமைப்பில் 29ஆம் பக்கத்தில் இருந்தது. 29 வலப்பக்கம், 28ஐப் படிக்கும் பிள்ளையின் கண் அதற்குள் அங்கே போய்விடும், வாசல் திறக்கும் முன்பே வெறுமை தெரிந்துவிடும். அதை 30க்குக் கொண்டுபோனால்தான் தாளைத் திருப்பியவுடன் அது நேரே நெஞ்சில் படும். ஆனால் ஒரு பக்கம் தள்ள வேண்டுமென்றால் முன்னால் ஒரு பக்கம் கூட வேண்டும். புத்தகமோ 16 பக்கப் பாரம் (ஒன்றாக அச்சிட்டு மடிக்கும் தாள்) இரண்டு, மொத்தம் 32; ஒரு பக்கம் கூட்டினாலும் மூன்றாவது பாரத்துக்குக் காசு கேட்பார்கள். ஆகவே செக்குக் காட்சிக்கு எழுத்தே இல்லாத இன்னொரு பக்கம் கொடுத்து, இறுதி ஆண்டுகளைச் சொல்லும் பகுதியில் ஒரு பக்கத்தைக் குறைத்தோம். இதற்காக நாங்கள் மூவரும் உட்கார்ந்து பேசிய அந்த மாலை எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

உரையாடலை எழுதும் பேச்சுக் குமிழ்களைப் பற்றியும் உன் மகளிடம் சொல். ஒரு கட்டத்தில் இடப்பக்கம் நிற்பவர் முதலில் பேசினால் படிப்பவர் தடுமாற மாட்டார். வலப்பக்கம் நிற்பவர் முதலில் பேச வேண்டுமென்றால் அவருடைய குமிழை உயர்த்தி வைக்க வேண்டும். இதைக் கிறுக்கல் நிலையிலேயே யோசிக்காவிட்டால், கடைசியில் குமிழ் யாராவது ஒருவருடைய முகத்தை மறைக்கும். பேச்சு வழக்கையும் ஆசிரியரே முடிவுசெய்ய வேண்டும். வ.உ.சி.யின் மேடைப் பேச்சைச் செந்தமிழில் விட்டுவிட்டு, தெருவில் நிற்பவர்களை மட்டும் "ஐயாவைப் பிடிச்சிட்டாவளாம்ல!" என்று நம் ஊர்ப் பேச்சில் பேச வைத்திருக்கிறேன். வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் புரியுமா என்று பதிப்பாளர் தயங்கினார். படம் பக்கத்தில் இருக்கும்போது புரியாமல் போகாது என்று நான் உறுதியாக நின்றேன்.

அவளுடைய பதிப்பகம் வெளிநாட்டுக் கதைகளையும் வெளியிடும் என்றால், வேலை வேறு விதமாகவும் இருக்கும். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியபோது நாம் போட்டி போட்டுக்கொண்டு படித்த இரும்புக்கை மாயாவி, இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற வார இதழில் 1962 முதல் தொடராக வந்தவர். வாரம்தோறும் துண்டு துண்டாக வந்த கதையை ஒரே புத்தகமாக்கும்போது, முன்கதைச் சுருக்கங்களை நீக்க வேண்டும், இணைப்புகள் தெரியாமல் கட்டங்களை அடுக்க வேண்டும், வேறொரு மொழிக்காக வரைந்த குமிழுக்குள் தமிழை அடக்க வேண்டும். உரிமை வாங்குவது, ஒப்பந்தப்படி எதை மாற்றலாம் எதை மாற்றக் கூடாது என்று பார்ப்பது, அச்சகத்தில் நான்கு வண்ணங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுகின்றனவா என்று முதல் தாளைப் பார்ப்பது ஆகியவையும் உண்டு. அவை பழகப் பழக வந்துவிடும்.

அவள் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. ஓவியரிடம் "நன்றாக இல்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது. "இந்தக் கட்டத்தில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை" என்று சொன்னால் அவர் திருத்துவார். என்ன குறை என்பதை ஆசிரியர் சொல்லலாம். எப்படித் தீர்ப்பது என்பதை ஓவியரிடம் விட்டுவிட்டால், நாம் நினைத்ததைவிட மேலான படம் பெரும்பாலும் வந்து சேரும்.

பென்சில் நிலையில் இருக்கும் முதல் 16 பக்கங்களின் நகலை இந்த வாரம் உனக்குத் தபாலில் அனுப்புகிறேன். அதில் உரையாடல் எதுவும் இருக்காது. உன் மகளிடம் கொடுத்து, கதை எந்தெந்த இடத்தில் தனக்குப் புரியாமல் நின்றது என்று ஓரத்தில் குறித்து அனுப்பச் சொல். மையிடும் வேலை இன்னும் தொடங்கவில்லை; அவள் குறித்து அனுப்புவதை ஓவியரிடம் காட்டத் தாராளமாக நேரம் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்