அம்மாவின் கட்டிலருகே நின்ற செவிலியர்களுக்கு

மதிப்பிற்குரிய செவிலியச் சகோதரிகளுக்கு, பெங்களூரு அல்சூரிலிருந்து எங்கள் குடும்பத்தார் அனைவரின் வணக்கம்.

சினைப்பைப் புற்றுநோயால் ஏழு மாதம் தங்கள் வார்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்த எங்கள் அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் சென்ற வாரம் முடிந்தது. மருந்தும் ஊசியும் வேளை தவறாமல் கொடுத்ததற்கு நன்றி; ஆனால் இம்மடலை எழுத வைத்தது வேறொன்று.

மூன்றாவது கீமோவுக்குப் பின் வெள்ளை அணுக்கள் குறைந்திருந்த நாட்களில், ஒரு வெள்ளிக்கிழமை, பழனி முருகன் படத்துக்கு ஒரு முழம் பூ வேண்டுமென்று அம்மா கேட்டார். பச்சைப் பூவிலுள்ள கிருமிகள் அந்த நிலையில் ஆகாது, ஆக்சிஜன் இருக்கும் அறையில் விளக்கேற்றக் கூடாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்ன இரவுப் பணிச் சகோதரி, அத்தோடு விட்டுவிடாமல், படுத்தபடியே தெரியும்படி அந்தப் படத்தை டிரிப்ஸ் ஸ்டாண்டில் பிளாஸ்திரியால் ஒட்டி, மறுநாள் ஒரு பேட்டரி அகலும் வாங்கி வந்து வைத்தார். கழுத்தில் சிலுவை அணிந்தவர் அவர். தம் ஜெபத்தைப் பற்றி ஒரு சொல்லும் அவராகப் பேசியதில்லை, "உங்களுக்கு எது தெம்பு தருகிறது, அம்மா?" என்றுதான் முதல் நாளே கேட்டார். பெற்ற பிள்ளைகளான நாங்கள்கூட அதைக் கேட்டதில்லை.

பார்க்க வந்த உறவினர் ஒருவர் இதெல்லாம் முன்வினை என்று சொல்லிப் போன இரவில், "நான் யாருக்கு என்ன பாவம் செய்தேன்" என்று அம்மா அரற்றிக்கொண்டே இருந்தார். வலி மருந்தைக் கூட்டச் சொல்லி நாங்கள் மணியடித்தோம். வந்தவர் மருத்துவரைக் கேட்டு மருந்தைக் கொடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, அம்மாவின் கையைப் பிடித்தபடி அரை மணி நேரம் அவர் சொன்னதையெல்லாம் கேட்டார். "நோய் தண்டனை இல்லை, அம்மா" என்று ஒரே ஒரு முறை சொன்னார். மூன்று மணிக்கு அம்மா உறங்கினார். செவிலியராகத் தொடங்கிப் பின்னர் மருத்துவராகி, 1967-இல் லண்டனில், இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லமான புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், குடும்பச் சூழல், ஆன்மா நான்கும் சேர்ந்ததே நோயாளியின் முழு வலி என்று கற்பித்தார் என்பதைப் பிறகு தங்களிடமிருந்தே அறிந்தோம். அந்த அரை மணி நேரமும் மற்றக் கட்டில்களுக்கெல்லாம் தனியாக ஓடிய சகோதரிக்கும் எங்கள் நன்றி உரியது.

கடைசி நாளில் நாங்கள் விபூதி இடுவதற்காகத் திரையை இழுத்துவிட்டு, அவசரப்படுத்தாமல் வெளியே காத்து நின்றீர்கள். அதையும் மறக்க மாட்டோம்.

அந்தப் பேட்டரி அகலை, அடுத்துக் கேட்பவருக்கு உதவட்டும் என்று தங்கள் மேசையிலேயே விட்டு வந்திருக்கிறோம். பேட்டரி தீர்ந்தால் சொல்லியனுப்புங்கள். வந்து மாற்றித் தருகிறோம்.

என்றும் நன்றியுடன்,
அம்மாவின் பிள்ளைகள்