அண்ணே, பிளேன் எப்ப வாங்குவேன்னு கேட்டீங்களே

அண்ணே, அண்ணி புள்ளைங்க எல்லாம் சௌக்கியமா, அம்மா முட்டி வலி தேவலையா? இங்க அமெரிக்கால, விச்சிட்டா ஊர்ல குளிர் வந்துருச்சு, காலைல பசியாற நாசி லெமாக் இல்லாததுதான் கஷ்டம்.

அன்னைக்கு போன்ல, "அங்க ஆளாளுக்கு பிளேன் வச்சிருக்கானாமே, நீ எப்ப வாங்கப் போற"ன்னு கேட்டீங்க, அதுக்குள்ள லைன் போயிருச்சு. வந்த புதுசுல நானும் அப்படித்தான் நெனச்சேன்ணே. செஸ்னா கம்பெனி 1927-ல இந்த ஊர்லதான் ஆரம்பிச்சது, அவங்க 172-ங்கற நாலு சீட்டு பிளேன் மட்டுமே 44,000-க்கு மேல செஞ்சிருக்காங்க. ஆனா என்கூட வேலை செய்யிற வெள்ளைக்காரரு வச்சிருக்கறது நாலு பேர் சேந்து வாங்கினது, அதுவும் எழுபதுகள்ல செஞ்சது, என்னைவிட மூப்பு!

ஏன் இவ்வளவு பழசுன்னா, எப்பவோ செஞ்ச பிளேன் விழுந்தாலும் கம்பெனி மேல கேஸ் போட்டுப் போட்டு, 1986-ல சின்ன பிளேன் செய்யறதையே நிறுத்திட்டாங்க. 18 வருஷம் தாண்டின பிளேனுக்கு செஞ்சவன் மேல கேஸ் போட முடியாதுன்னு 1994-ல சட்டம் வந்தப்புறம்தான் திரும்ப ஆரம்பிச்சாங்க. இப்ப புதுசு 4 லட்சம் டாலருக்கு மேல, நம்ம மலேசியா காசுக்கு 15 லட்சம் வெள்ளி தாண்டும், யாரு வாங்குவா.

பழசு அவ்வளவு இல்ல, ஆனா வாங்கறதுல இல்லண்ணே, வச்சுக்கறதுலதான் உசிரு போகுது. நீங்க லோரிய சோதனை போட புஸ்பகம் கொண்டு போறப்ப எவ்வளவு திட்டுவீங்க, இங்க வருஷா வருஷம் மெக்கானிக் பிளேனைக் கழட்டிப் பாத்து கையெழுத்துப் போட்டாத்தான் பறக்க விடுவாங்க, அவன் என்ன கண்டுபிடிப்பானோன்னு என்கூட வேலை செய்யிறவரு வயித்துல நெருப்பு கட்டிக்கிட்டு நிப்பாரு. 2000 மணி நேரம் ஓடினா இன்ஜினையே பிரிச்சு மாத்தணுங்கறாங்க, அப்புறம் ஷெட் வாடகை, இன்சூரன்ஸ், எண்ணெய் வேற மணிக்கு 30 லிட்டர் குடிக்குது, அதுவும் ஈயம் கலந்த தனி பெட்ரோல். லைசன்சுக்கு கொறஞ்சது 40 மணி நேரம் ஓட்டிப் பழகணும், அதோட முடிச்சவன் ரொம்ப கம்மி.

இவ்வளவும் செஞ்சு, போன சனிக்கிழமை என்னை கான்சாஸ் சிட்டிக்கு சாப்பிட கூட்டிட்டுப் போறேன்னாரு. மேகம் தாழ இறங்கிருச்சு. அவரு லைசன்சுல மேகத்துக்குள்ள போகக்கூடாதாம், அதுக்கு தனி பரீட்சை. 10 மணி வரைக்கும் போனையும் வானத்தையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, கடைசியில காடியிலயே 3 மணி நேரம் ஓட்டிட்டுப் போனோம். பறந்து போயிருந்தாலும் எறங்கின எடத்துலேர்ந்து ஊருக்குள்ள போக இன்னொரு காடி வேணுமேண்ணே! நம்ம பக்கம்னா மத்தியானம் ஆனாலே இடி மழை, தோட்டத்துல எவனாவது வாங்கினா பாதி நாள் ஷெட்டுலதான் கிடக்கும்.

வர்ற சனிக்கிழமை வானம் தெளிஞ்சா ஏத்திக்கிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு. அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. சின்னவனுக்கு அனுப்பின சட்டை அளவு சரியா இருந்துச்சா?

உங்க தம்பி