கவரில் ஒரு வரி சேர்க்கலாமா?

எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரர்கள் அனைவருக்கும்,

வணக்கம். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்ட அந்தச் சின்ன மாத்திரைக் கவர்களை அச்சடித்துத் தருகிறவன். பாக்கி கேட்பதற்காக எழுதவில்லை. அதை நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

போன சித்திரையில் எனக்கு இடுப்பில் படர்தாமரை வந்தது. பிரஸ்ஸில் மின்விசிறியைப் போட்டால் தாள் பறக்கும், நாளெல்லாம் வேர்வைதான். உங்களில் ஒருவர் கடையில் ஒரு களிம்பு வாங்கிப் போட்டேன். மூன்று நாளில் அரிப்பு அடங்கியது. மூன்று வாரத்தில் தொடை வரை இறங்கிவிட்டது. ஸ்டீராய்டு கலந்த களிம்பாம். அந்த வகைக் களிம்புகளை 2018-லேயே மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அப்புறம் பூஞ்சையைக் கொல்ல இட்ராகோனசோல் காப்ஸ்யூல். அதற்கும் சீட்டு கேட்கவில்லை. "பவர் மாத்திரை, வயிறு எரியும்" என்று அக்கறையோடு ஒரு கேஸ் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். எழுந்ததும் கேஸ் மாத்திரை, அரைமணி கழித்து வெறும் வயிற்றில் காப்ஸ்யூல், அதற்கப்புறம் இட்லி. நாலு வாரம் தவறாமல் சாப்பிட்டேன். ஒரு வட்டம்கூட மறையவில்லை.

கடைசியில் தோல் மருத்துவரிடம் போனேன். அவர் புண்ணைப் பார்ப்பதற்கு முன்பே, "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னதும் சிரித்துவிட்டார். இந்தக் காப்ஸ்யூல் கரைவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே விழுங்கினால்தான் ரத்தத்தில் ஒழுங்காகச் சேரும். நானோ அமிலத்தை அடக்கிவிட்டு, வெறும் வயிற்றில் மருந்தை அனுப்பியிருக்கிறேன். பேண்டோப்ரசோல், ஓமேப்ரசோல் வகை கேஸ் மாத்திரைகளின் வேலை நாள் முழுக்க நீடிப்பதால், நேரத்தை மாற்றிச் சாப்பிட்டும் தப்ப முடியாது. புட்டியில் வரும் கேஸ் மருந்து என்றால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். இட்ராகோனசோலே திரவமாக வந்தால் கதை தலைகீழ்: அதை வெறும் வயிற்றில்தான் குடிக்க வேண்டுமாம்.

எனக்குத் தந்த கேஸ் மாத்திரையில் டோம்பெரிடோன் என்ற வாந்தி மருந்தும் கலந்திருந்தது. அது இட்ராகோனசோலோடு சேரவே கூடாத மருந்து. இதயத் துடிப்பின் தாளம் கெடலாம். என் நல்ல நேரம், ஒன்றும் ஆகவில்லை.

பணம் போனது மட்டும் என்றால் பேசாமல் இருந்திருப்பேன். டெர்பினாஃபின் என்ற வழக்கமான பூஞ்சை மருந்துக்கு மசியாத ஒரு படர்தாமரைப் பூஞ்சை நம் நாட்டில் பரவிக் கிடக்கிறது. 2020-இல் ஜப்பான் ஆய்வாளர்கள் அதற்கு ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினே என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே நம் நாடு இருக்கிறது, பெருமைப்படத்தான் முடியவில்லை. அந்தப் பூஞ்சை வந்தவருக்குப் பெரும்பாலும் கையில் மிஞ்சுவது இட்ராகோனசோல்தான். அதையும் கரையவிடாமல் செய்துவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்று சொல்வதில் என்ன நியாயம்?

அன்று முதல், பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளைப் படிக்கத் தொடங்கினேன். (அந்தப் பொடி எழுத்தில் அச்சடிப்பவன் எவனோ, அவனுக்குக் கண் நன்றாக இருக்க வேண்டும்.) இதயம் பலவீனமானவர்களுக்கு நகப்பூஞ்சைக்காக இட்ராகோனசோல் கொடுக்கக் கூடாது என்று கட்டம் கட்டியே எச்சரித்திருக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. கொழுப்புக்குச் சாப்பிடும் சிம்வாஸ்டாட்டினோடு சேர்ந்தால் தசையே சிதையலாம். ஃப்ளூகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தை வாங்குபவர் சர்க்கரைக்குக் கிளிமிபிரைட் சாப்பிடுகிறவராக இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். உங்களில் நிறையப் பேர் இதையெல்லாம் படித்துப் பட்டம் வாங்கியவர்கள். ஆனால் கல்லாவில் கூட்டம் நிற்கும்போது மருந்தை எடுத்துக் கொடுப்பது பதினெட்டு வயதுப் பையன்.

இன்னொன்று, 65 மில்லிகிராம், 130 மில்லிகிராம் என்று வரும் புது வகை இட்ராகோனசோல். இது உடம்பில் அதிகமாகச் சேரும்படி செய்யப்பட்டது. 65 பழைய 100-க்குச் சமம். "அது இல்லை, இது இருக்கு" என்று மாற்றிக் கொடுக்க இது பாரசிட்டமால் இல்லையே. அட்டையைக் கத்தரிக்கும்போது மருந்துப் பெயர் இருக்கும் பக்கத்தையும் தயவுசெய்து வாங்குபவருக்கே விட்டுவிடுங்கள். நான் மருத்துவரிடம் காட்டிய துண்டில் "...சோல்" மட்டும்தான் மிச்சம் இருந்தது.

சரி, நான் கேட்பது இதுதான். சீட்டு இல்லாமல் இட்ராகோனசோலைக் கொடுக்காதீர்கள். சீட்டோடு வந்தாலும், "வேறு என்ன மாத்திரை ஓடுகிறது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதிலில் சந்தேகம் இருந்தால் எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள். அடுத்த முறை இட்ராகோனசோல் காப்ஸ்யூலுக்கென்று தனிக் கவர் அடித்துத் தருகிறேன், சிவப்பு மையில்: "வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே. கேஸ் மாத்திரை சாப்பிடுபவர் மருத்துவரிடம் சொல்லவும். சிறுநீர் அடர்நிறமாகப் போனால், கால் வீங்கினால், மூச்சு வாங்கினால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்கவும்."

முதல் ஆயிரம் கவருக்குக் காசு வேண்டாம். பிளேட் தயாராக இருக்கிறது. எத்தனை வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கவர் அச்சடிக்கிறவன்