சீட் வெடித்த சத்தம்

கொட்டகலை
24 ஜூலை

அன்புள்ள ராஜு,

உன் கடிதம் சித்திரையில் வந்தது, இது ஆடி. திட்ட வேண்டியதையெல்லாம் தொலைபேசியில் சரோவிடம் திட்டிவிட்டாயாம். ஒரு சொல் விடாமல் என்னிடம் சேர்த்துவிட்டாள். வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவளுக்கு நுவரெலியாவில் ஆசிரியர் நியமனம் கிடைத்திருக்கிறது. கட்டை சிவா இந்த முறையும் பிரதேச சபைக்கு நின்றான், இந்த முறையும் தோற்றான். நீ அனுப்பிய தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் வாக்குக் கேட்டான், ஆகையால் பழியில் பாதி உனக்கு.

உன் மாமனாரைப் பற்றி எழுதியிருந்தாயே, அதற்குத்தான் கை வரவில்லை. பத்தொன்பது வயதில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து, கடலுக்கும் போருக்கும் தப்பி வந்த மனிதர், எண்பதைத் தாண்டியபின் தரை ஓட்டிடம் மாட்டிக்கொண்டாரே! கப்பலின் கொதிகலனையும் நீராவிக் குழாய்களையும் அஸ்பெஸ்டஸால், அதாவது சூடு தாங்கும் கல்நாரால், சுற்றியிருந்தார்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன். கப்பல் தளத்தில் மெழுகு போட்டுத் துடைத்த ஒன்பது அங்குலச் சதுர ஓட்டிலும், அதை ஒட்டிய கறுப்புப் பசையிலும்கூட அது இருந்தது என்பது உன் கடிதத்தில்தான் தெரிந்தது. ஓடு முழுசாகக் கிடக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. பெயர்த்து உடைத்து, அடியில் இருக்கும் பசையை நனைக்காமல் சுரண்டும்போதுதான் தூசி கிளம்புகிறது. அந்தச் சுரண்டல் வேலைதான் அவருக்குக் கிடைத்திருக்கிறது, முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல். அறுபது வருடம் கழித்து, நுரையீரலைச் சுற்றியிருக்கும் சவ்வில் புற்று. 'மீசோதீலியோமா' என்று நீ எழுதியதைச் சரோ எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "பெயரே மூச்சு வாங்குகிறது" என்றாள். சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டோம்.

சரி, இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. போன மாதக் காற்றில் குசினிக் கூரையில் நான்கு அஸ்பெஸ்டஸ் சீட் போய்விட்டது. மழை விட்ட ஒரு காலையில் கூரை வேலைக்கு ஆறுமுகம் பாஸ் வந்தார். புதுச் சீட்டை முற்றத்தில் இரண்டு கல்மேல் வைத்து, கிரைண்டரை ஓடவிட்டார். மாவு மில்லுக்குள் நின்றதுபோல் இருந்தது. அவருடைய புருவம், காது மடல், சட்டைப் பையில் இருந்த பீடிக்கட்டு எல்லாம் வெள்ளை. கொடியில் பேத்தியின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. நான் குசினிக்குள் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டேன்.

மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. "முப்பது வருடமாக அறுக்கிறேன், எனக்கு என்ன ஆயிற்று?" என்று நெஞ்சில் தட்டிக் காட்டினார். தட்டியதில் இன்னும் கொஞ்சம் தூசி பறந்தது. உன் மாமனார் கதையைச் சொன்னேன். வெள்ளைக்காரனுக்கு உடம்பு மெலிவு என்றார். இந்த இழை உள்ளே போனால் கரையாது, நோய் காட்ட இருபது முதல் ஐம்பது வருடம்கூட எடுக்கும், புகைப்பவனுக்கு நுரையீரல் புற்று வரும் ஆபத்து பல மடங்கு என்று நான் அடுக்க அடுக்க, அவர் அந்தப் பீடிக்கட்டிலேயே ஒன்றை உருவிப் பற்றவைத்தார். கடைசியில் ஒப்பந்தம்: கைவாளால் மெதுவாக அறுப்பது, நான் பக்கத்தில் நின்று ஹோஸ் பைப்பால் நனைத்துக்கொண்டே இருப்பது. அரை நாள் கூலி கூட. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலியில் சாய்ந்து நின்று, ஓய்வுபெற்ற தபால் அதிபர் கூரைத் தகட்டுக்குத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பதை வேடிக்கை பார்த்தார்கள்.

எல்லாம் தெரிந்தும் ஏன் அதையே வாங்கினாய் என்று கேட்பாய். விலைதான், வேறென்ன? அதோடு, தகரத்தின் கீழே ஆடி மழையில் படுத்தவன் நீ, உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் மச்சான், இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு, கேள். நீல அஸ்பெஸ்டஸை இங்கே 1987இலேயே தடைசெய்துவிட்டார்கள். கூரைச் சீட்டில் இருக்கும் வெள்ளை வகைக்கு 2018 ஜனவரியிலிருந்து கட்டுப்பாடு வருவதாக இருந்தது. 2017 டிசம்பரில் நம் தேயிலைப் பொதியில் ஒரு வண்டு கிடந்தது என்று ரஷ்யா இறக்குமதியை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸை நமக்கு விற்பதும் ரஷ்யாதான். அரசாங்கம் கட்டுப்பாட்டை ஒத்திவைத்தது, மாதம் முடிவதற்குள் தேயிலைக்கு வழி திறந்துவிட்டது. வண்டு தற்செயலாக வந்தது என்று நம்ப நான் தயார், கட்டை சிவா ஜெயிப்பான் என்று நம்பியவன்தானே. நம் அம்மாக்கள் கிள்ளிய கொழுந்து அங்கே போகிறது. அது அறுபடாமல் போவதற்காக இந்த அஸ்பெஸ்டஸ் இங்கே வந்து, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் மேல் உட்காருகிறது.

பிள்ளைக்காம்பரா என்றதும் நினைவு வருகிறது. தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் உடைந்த சீட் குவிந்து கிடக்குமே, அதில் துண்டு எடுத்துத்தான் சிமெந்துத் தரையில் பாண்டிக்குக் கோடு கிழித்தோம். சுண்ணக்கட்டியைவிட நன்றாக எழுதும். தீபாவளிக்கு வெடி வாங்கக் காசில்லாத வருடம், தேயிலைச் செடியில் வெட்டிப்போட்ட கவ்வாத்துச் சுள்ளியைக் கொளுத்தி அதற்குள் சீட் துண்டுகளைப் போட்டது யார் யோசனை? உன்னுடையது. படார் படாரென்று வெடித்ததில் பெரிய கணக்கப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். அப்போது நமக்குப் பத்து வயது. ராத்திரி தூக்கம் வராமல் ஐம்பதைக் கூட்டிப் பார்த்தேன். சரியாக இந்த வருடம். பயப்படாதே, நாலு துண்டு வெடித்தவனுக்கும் வருடக்கணக்காகத் தூசி தின்றவனுக்கும் ஒரே ஆபத்தல்ல என்று மருமகன் சொன்னான். ஆனாலும் மூன்று நாள் என் இருமலை நானே எண்ணிக்கொண்டிருந்தேன்.

என்னைவிட ஆறுமுகம் பாஸ்தான் மனதில் நிற்கிறார். உன் மாமனார் எந்தக் கப்பலில், எந்த வருடம், என்ன வேலை செய்தார் என்பதெல்லாம் சேவைப் பதிவேட்டில் இருக்கிறது, அதைக் காட்டித்தான் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம் என்று எழுதியிருந்தாய். ஆறுமுகம் பாஸுக்கு எங்கே பதிவேடு? ஹட்டனிலிருந்து தலவாக்கலை வரை அவர் அறுத்த கூரைகளை யார் எழுதிவைத்தார்கள்? போன வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன், வீடும் தேதியும் குறித்துவையுங்கள் என்று. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். கடன் கணக்கு எழுதுவார் என்று நினைக்கிறேன்.

மாமனாருக்கு நெஞ்சிலிருந்து நீர் எடுத்தபிறகு மூச்சு எப்படி இருக்கிறது? பேச முடிகிற ஒரு நாளில் எனக்காக ஒன்று கேள்: பெயர்த்த ஓட்டுத் துண்டுகளை அவர்கள் என்ன செய்தார்கள்? பழைய சீட் துண்டுகளை நனைத்து, இரட்டை உரச்சாக்கில் கட்டி, பியர்ஸ் மரத்தடியில் வைத்திருக்கிறேன். குப்பை வண்டிக்காரன் தொட மாட்டேன் என்கிறான். சரோ தினமும் காலையில் தேநீரோடு சேர்த்து அதையும் கேட்கிறாள்.

உன்,
வேலு